பச்சைக் குடைக் கடையின் சுவர்

கண்டி கொழும்பு வீதியில் பாயிஸ் நானாவோடு விலை பேசி வென்றவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. வென்றதாக நினைத்துக்கொண்டு படியிறங்கிப் போனவர்கள் நிறையப் பேர். அந்த நினைப்பையும் நானாதான் துணியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக் கொடுத்திருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு பேரத்தில் அமோகமாக வென்று, வென்ற மிதப்பில் தன் கடையின் முகத்தையே கொடுத்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார்.

பேசவந்தவன் தர்சன். மஹய்யாவ பக்கத்துப் பையன், ஒரு போன் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. கழுத்தில் டை, காலில் கண்டி மழை குடித்துக் கனத்த சப்பாத்து. கடைக்கு மேலே புதுப் பெயர்ப்பலகை சும்மாவே போட்டுத் தருகிறோம் என்றான். நானா அப்போதுதான் வந்த சாரி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சும்மா என்ற சொல்லுக்கு உடனே நிமிர்கிறவன் வியாபாரி இல்லை, அவர் நிமிரவில்லை.

"சும்மா தாறதுக்கு ஒங்கட கம்பனி என்ன, கந்தூரிச் சோறா குடுக்கிது?"

"இல்லங்க நானா, எங்க பேரும் அதுல வரும்."

"எவ்வளவு பெருசா?"

"கொஞ்சம் பெருசாங்க."

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நானா கேட்டிருக்க வேண்டும். சாரியில் ஒரு சாண் குறைந்தால் தூக்கத்தில்கூட எழுந்து சொல்லக்கூடியவர், அதைக் கேட்காமல், மணிக்கூடு தருவீர்களா என்று கேட்டார். தருவதாகச் சொன்னான். குடை கேட்டார். அதுவும் கிடைத்தது. கலண்டர் கேட்டார். தர்சனுக்கு வியர்த்தது. அவன் வியர்க்க வியர்க்க நானாவுக்குப் பசி கூடியது. கடைசியில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரிங்க நானா, ஷட்டரையும் எங்க கலர்லயே அடிச்சுத் தந்துடுறோம்" என்றபோது, அதையும் அவனிடமிருந்து பறித்த சலுகை என்றே எண்ணி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வீடு கடைக்கு மேல் மாடியில். மாலை மஃரிப் தொழுதுவிட்டு மேசைக்கு வந்தபோது அவர் மனைவி சகீனா புது மணிக்கூட்டைக் குசினிச் சுவரில் மாட்டியிருந்தாள். பழையது எப்போதோ நின்றுபோய், பள்ளிவாசல் பாங்கையும் பக்கத்து ஹோட்டலில் ரொட்டி கொத்துகிற சத்தத்தையும் வைத்தே அவள் நேரம் பார்த்துவந்தாள். இப்போது அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மகள் றிப்தா ஒரே பிள்ளை. டவுனில் கிராபிக் டிசைன் படிக்கிறாள், கடைசி வருடம். வாப்பா நடந்ததைச் சொல்லிச் சிரித்து முடிக்கும்வரை அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"வாப்பா, அந்தச் சுவர எனக்குத் தாறதா சென்னீங்க."

"பாப்பம் எண்டுதான் சென்ன."

பாயிஸ் நானாவின் 'பாப்பம்' என்ன என்பது கடைத்தெருவுக்கே தெரியும். வாடிக்கையாளர் கடன் கேட்டால் பாப்பம். வீட்டுக்காரி வளையல் கேட்டால் பாப்பம். அதற்குப் பின் ஒருவரும் எதையும் பார்த்ததில்லை.

"எங்கட பேரு அதுல எவ்வளவு ஈக்கும்?"

நானா போனைத் திறந்து தர்சன் அனுப்பிய படத்தைக் காட்டினார். பலகை முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவில் கம்பனியின் பெயர், ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு. அடியில், சாரிக் கரை போல மெல்லிய வெள்ளைப் பட்டியில், கடையின் பெயர்.

"வாப்பா, இது எங்கட கடைக்கு அவங்க தாற போர்ட் இல்ல. அவங்கட போர்டுக்கு நாங்க முட்டுக் குடுக்கிறம்."

"சும்மா கெடக்கிற சுவர்தானே மகள்."

"சும்மாவா கெடக்கிது? மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்கு நிக்கிற சனம் முழுக்க அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிது. ஒங்கட சாரிய ஒருத்தி சும்மா உடுத்துக்கிட்டு டவுனச் சுத்தினா விடுவீங்களா?"

"சாரி வேற, சுவர் வேற."

"சாரிக்கு நீங்க வெல செல்லுவீங்க. சுவருக்கு அவன் செல்லிட்டான். அதுதான் வேற."

நானா இறைச்சித் துண்டு ஒன்றை மகளின் தட்டில் வைத்தார். வாக்குவாதத்தில் கால் இடறும்போதெல்லாம் அவர் செய்வது அது.

"செரி, செல்லவா? நீங்க கேக்கிறது சுவர் மட்டும் இல்ல. போர்டுக்கு அடியில, செஞ்சது நீங்க எண்டு ஒங்கட பேரும் போன் நம்பரும் போடணுமாமே, உம்மா சென்னா. கொழும்பு வீதியில ஒரு கொமர்ப் புள்ளட பேரும் நம்பரும் சுவருல. சனம் என்ன செல்லும்?"

"'எங்களுக்கும் ஒரு போர்ட் செஞ்சு தாங்க' எண்டு செல்லும்."

சகீனா முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழம ஆள் வாறாங்க. வாக்குக் குடுத்தாச்சு," என்றார் நானா. "கறி ஆறுது, தின்னுங்க."

இப்போது தொங்குகிற பழைய பலகைக்கும் ஒரு கதை உண்டு. அதுவும் பேரக் கதைதான். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் குடை வியாபாரி. நானா கடையை வாங்கியபோது பலகையையும் சேர்த்துத் தரவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். வாங்கியதை எறிய மனம் வருமா? குடைப் படத்துக்குக் கீழே பெயரை மட்டும் அழித்து 'றிப்தா டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதவைத்தார். அன்றிலிருந்து பன்வில, மடுல்கெல்ல பக்கமிருந்து சம்பளம் எடுத்த கையோடு துணிக்கு வருகிற தேயிலைத் தோட்டத்துச் சனம் கேட்பது பச்சைக் குடைக் கடையைத்தான். உள்ளே ஒரு குடைக்கம்பிகூட இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஓட்டோக்காரனிடம் றிப்தா டெக்ஸ்டைல்ஸ் என்றால் தலையைச் சொறிவான். பச்சைக் குடை என்றால் வண்டி தானாகத் திரும்பும்.

றிப்தாவின் கடைசி வருடத் திட்டமே அந்தக் குடையைப் புதிதாக வரைந்து பலகையாக்குவதுதான். வகுப்பில் சட்டம் இதுவே: கடைசி வேலை திரையில் மட்டும் இருந்தால் போதாது, உண்மையான இடத்தில், உண்மையான சனம் பார்க்கும்படி நிற்க வேண்டும். சுவர் போனால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த வருடம் தேறுவதும் இல்லை. அதற்கும் மேலே, அந்தப் பலகையின் அடியில் செய்தவளாகத் தன் பெயர் நின்றால்தான் அடுத்த கடைக்காரன் கூப்பிடுவான் என்பது அவள் போட்டு வைத்திருந்த கணக்கு.

இதற்கிடையில் கல்லூரியில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். உங்கள் பலம் என்ன, தொழிலில் எங்கே போய்ச் சேர எண்ணுகிறீர்கள் என்று. றிப்தாவும் எல்லோரையும் போலக் கற்பனை வளம், கூட்டாக இயங்கும் திறன், நேரம் தவறாமை என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த நாள் வதனா மிஸ் கூப்பிட்டார். மிஸ் யாழ்ப்பாணம், கண்டிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் பேச்சு இன்னும் வந்திறங்கவில்லை.

"இதில உம்மட பேரை வெட்டிப்போட்டு வேற ஆற்றை பேரைப் போட்டாலும் பொருந்தும் றிப்தா. நேரம் தவறாமையாம். நீர் இண்டைக்கும் பிந்தித்தான் வந்தனீர்."

"ஓட்டோ கிடைக்கல்ல மிஸ்."

"சரி, வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள திருப்பி எழுதி அனுப்பும். உம்மட வேலையளைப் பாத்தன். நல்லாயிருக்கு."

கடையில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல்லின் விலை தெரியும். நல்லாயிருக்கு என்று சொன்னவர்கள் ஒருவரும் துணி எடுத்ததில்லை. சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். வாங்க வந்தவர் கரை சிறிது என்பார், நிறம் போகுமா என்பார், நூலை இழுத்துப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார்.

"ஆனா?" என்றாள்.

"ஆனா சந்தை மாதிரி இரைச்சலாக் கிடக்கு. கொஞ்சம் வெறுமை விடும் பிள்ளை. கொழும்பில ஒரு விளம்பரக் கம்பனிக்கு உம்மட பேரைச் சொல்லியிருக்கிறன். அவை இப்பிடி வேலையை விரும்பாயினம்."

"மிஸ், எங்கட தெருவுல வெறுமையா ஒரு போர்ட் வெச்சா, கட பூட்டியீக்கி எண்டு சனம் போயிடும்."

"ஓம், அதையும் எழுதும்," என்றார் மிஸ், கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

வெள்ளிக்கிழமை ஹந்தானை மலைக்கு மேலே மேகம் கறுத்து நின்றது. ஜும்ஆத் தொழுகைக்காகத் தெருவில் பாதி ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கடை பூட்டியிருக்கிற நேரம்தான் ஏணி வைக்க வசதி என்று தர்சன் அதே நேரத்தைச் சொல்லியிருந்தான். நானா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போகிறார்கள். வேலை நேராக நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். வீட்டிலேயே கோணல் பார்க்கப் படித்தவள் இருக்கிறாள்.

"மகள், போர்ட் சரியாம வெக்கிறாங்களா எண்டு பாத்துக்கோங்க. சரிஞ்சா விட வாணாம்."

"சரியில்லாட்டி விடமாட்டன் வாப்பா," என்றாள் அவள்.

தர்சனோடு பொருத்துகிற ஆட்கள் இருவர் வந்தார்கள். லொறியில் சிவப்புப் பலகை, கீழே சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தது. ஏணி ஏறியவர் பழைய பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பச்சைக் குடை ஒருமுறை ஆடி, கயிற்றில் தொங்கி, நடைபாதைக்கு வந்து சாய்ந்தது. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்து, பலகையின் அளவிலேயே, நீண்டநாள் கட்டுப் போட்டிருந்த கையின் தோல் போலத் தெரிந்தது. அடுத்தவர் துளைபோடும் மெஷினை எடுத்து வயரை நீட்டினார்.

"பொட்டக் இன்ன, அய்யே," என்றாள் றிப்தா. சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பிறகு தர்சன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க எங்கட கடையில எப்பவாச்சும் துணி எடுத்தீக்கிறீங்களா?"

"தம்பியா? நான் உங்களுக்கு மூத்தவன் தங்கச்சி."

"வியாபாரத்துல வாறவங்க எல்லாம் தம்பிதான். எடுத்தீக்கிறீங்களா?"

"அம்மா எடுப்பாங்க. தீபாவளிக்கு."

"அப்ப ஒங்கட உம்மாவுக்குத் தெரிஞ்சீக்கும். எங்கட கடையில ஒரு வழக்கம் ஈக்கிது. பீஸ விரிக்கலாம், ஒடம்புல போட்டுப் பாக்கலாம், வெல பேசி முடிச்சுக் கைகூட குடுக்கலாம். கத்திரி வெக்கிற வரைக்கும் யாவாரம் முடியல்ல. எடுக்கிறவருக்கும் வாணாம் எண்டு செல்ல ஏலும், குடுக்கிறவருக்கும் ஏலும். கத்திரி வெச்சா முடிஞ்சு."

"சரி, அதுக்கு?"

றிப்தா சுவரைக் காட்டினாள். "இன்னும் ஓட்ட போடல்ல."

தர்சனுக்கு விஷயம் மெல்லத்தான் இறங்கியது. இறங்கியதும் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"என்னங்க தங்கச்சி இது. நானா வாக்குக் குடுத்துட்டாரு. மணிக்கூடு எடுத்துட்டாரு. எங்க கம்பனி ஐயாவுக்கு போட்டோ அனுப்பணும் நான்."

"மணிக்கூட்டத் திருப்பித் தாறம்."

சொல்லும்போதே அவள் குரல் ஒரு சுருதி இறங்கியது. மணிக்கூடு உம்மாவுடையது. அதைக் கேட்க அவளுக்கு வாய் வராது. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சகீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிவந்தாள். கையில் மணிக்கூடு, கக்கத்தில் சுருட்டிய கலண்டர்கள், முழங்கையில் இரண்டு சிவப்புக் குடை. நெய்ச்சோற்று மணமும் அவளோடு படியிறங்கியது.

"உம்மா," என்றாள் றிப்தா.

"எனக்கு பாங்கு கேக்கும்," என்றாள் சகீனா. மணிக்கூட்டைத் தர்சனின் கையில் வைக்குமுன் அதன் கண்ணாடியை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். "நல்ல மணிக்கூடு மகன். சாமானுல குத்தமில்ல."

தர்சன் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். ஒரு குடையில் நின்றான். "இது நனஞ்சிருக்கே."

சந்தைக்குப் போகும்போது பிடித்தேன் என்று சகீனாவின் முகம் ஒப்புக்கொண்டது.

"பாத்தீங்களா தங்கச்சி. உங்க சட்டப்படி இதுல கத்திரி வெச்சாச்சு." அவன் முகத்தில் முதல்தடவையாக ஒரு வெளிச்சம்.

"சரி. அந்தக் குடை எங்களுக்கு. அதுக்குப் பதிலா கண்ணாடிக் கதவுல ஒங்கட ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டுங்க. என்ட உள்ளங்கை அளவு."

"ரெண்டு ஸ்டிக்கர்."

"ஒண்டு. ஆனா கண் மட்டத்துல ஒட்டலாம்."

"எங்க போன் ரீலோட் கார்ட் விப்பீங்களா?"

"விப்பம். வாப்பா வாணாமெண்டாலும் நான் விப்பன்."

தர்சன் பொருத்துகிறவர்களைப் பார்த்தான். அவர்கள் ஏற்கெனவே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன் போய்விடலாம் என்ற நிம்மதி அவர்களுக்கு.

"உங்க வாப்பாகிட்ட நான் வேர்த்துட்டுப் போனேன்," என்றான். "உங்ககிட்ட நனஞ்சுட்டுப் போறேன். பேசாம எங்க கம்பனிக்கு வேலைக்கு வந்துடுங்க தங்கச்சி."

"அடுத்த கடைக்கு போர்ட் போட முந்தி என்னயக் கூப்பிடுங்க. அவங்கட பேரப் பெருசாப் போட்டு, ஒங்கட பேரையும் தெரியிற மாதிரிச் செஞ்சு தாறன். சும்மா இல்ல."

லொறி போனதும் தெரு வெறிச்சென்றது. தூறல் விழுந்தது. வெளுத்த சுவருக்குக் கீழே படியில் றிப்தா உட்கார்ந்தாள். வாப்பாவின் வாக்கை அவர் முதுகுக்குப் பின்னால் முறித்தாயிற்று. போனை எடுத்து, மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டிய பக்கத்தைத் திறந்தாள். கற்பனை வளத்தை அழித்தாள். கூட்டாக இயங்குவதை அழித்தாள். நேரம் தவறாமை தானாகவே அழிந்திருந்தது.

எழுதினாள்: எனது பலம், நான் கடையில் வளர்ந்தவள். ஒரு கூட்டம் உள்ளே நுழைந்தால் யார் கண் எங்கே போகும், யார் கை எதைத் தொடும், யார் வாங்காமல் போவார் என்று படி ஏறும்போதே சொல்லுவேன். எங்கள் தெருவின் இரைச்சல் எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. அந்த இரைச்சலுக்குள் ஒரு குரலைக் கேட்கவைப்பதுதான் நான் செய்யப்போகிற தொழில். அதற்கு நான் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் தலை நிமிர்ந்தால் என் கைவேலை தெரிய வேண்டும். கொழும்புக் கம்பனிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் மிஸ்.

படித்துப் பார்க்காமல் அனுப்பினாள். படித்தால் விலை குறைப்போம் என்று பயம்.

ஜும்ஆ முடிந்து தெருவில் வெள்ளைத் தொப்பிகள் பரவின. நானா பக்கத்து ஹாட்வெயார்க்கார சாஹுல் ஹமீதோடு பேசிக்கொண்டே வந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் கால் நின்றது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. சொட்டைச் சுவர். அதன் கீழே மகள், பக்கத்தில் சாய்த்துவைத்த பழைய குடை.

அவர் தெருவைக் கடக்கும் நேரத்தில் இன்னொருத்தி முந்திக்கொண்டாள். பன்வில பஸ்ஸில் வந்தவள்; தலையில் பொலிதீன் பை, இடுப்பில் குழந்தை. கடையையே நேராகப் பார்த்துவிட்டு நானாவிடமே கேட்டாள்.

"ஏங்க, இங்கன பச்சக் குடைக்கட ஒண்ணு இருந்திச்சே, எங்கிட்டுப் போச்சு? மூடிட்டாங்களா?"

சாஹுல் ஹமீது கெக்கலித்தார். நானா சிரிக்கவில்லை.

"இதுதாம்மா. இந்தா தொறக்கிறன், படியில ஏறி ஒதுங்குங்க. மழையில நிக்க வாணாம்," என்று அவளைப் படியில் ஏற்றிவிட்டு மகள் முன்னால் வந்து நின்றார். "என்ன நடந்த?"

"கத்திரி வெக்க முந்தி திருப்பிக் குடுத்திட்டன் வாப்பா."

"என்ட வாக்கு."

"அது ஒங்கட கடை வழக்கம்தானே. தர்சனும் ஒத்துக்கிட்டுத்தான் போன. உம்மா மணிக்கூட்டயும் குடுத்திட்டாங்க."

நானா மாடியைப் பார்த்தார். ஜன்னலில் சகீனாவின் முக்காடு தெரிந்தது. அது உள்ளே போகவில்லை. அவருக்குக் காது சிவந்தது. கத்தப்போகிறார் என்று சாஹுல் ஹமீது ஓர் அடி பின்வாங்கினார். நானா ஷட்டரைத் தூக்கி, தன் கதிரையில் போய் அமர்ந்தார். பன்வில பெண் பின்னாலேயே நுழைந்து, சுருட்டிய சீத்தைத் துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. எதுக்காகக் குடுத்த? காட்டுங்க."

றிப்தா மடிக்கணினியை மேசையில், துணி விரிக்கிற இடத்திலேயே வைத்துத் திறந்தாள். ஒரு பச்சைக் குடை. ஆனால் குடையின் மடிப்பெல்லாம் சாரிக் கொசுவம். விரிந்த சாரி ஒன்று காற்றில் எழுந்து குடையாக நின்றது. அதன் நிழலில் கடையின் பெயர் மூன்று மொழியிலும், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்கும் பருமனில். வலது மூலையில் சிறியதாக, 'பலகை: றிப்தா', அவள் போன் நம்பர்.

நானா பார்த்தார். சாஹுல் ஹமீது எட்டிப் பார்த்தார். பன்வில பெண்ணும் பார்த்தாள். "அட, குடைய்யா," என்றாள் குழந்தையிடம்.

றிப்தா வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்குத்தான் அவளுக்குப் பயம். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"மத்த ரெண்டையும் எடுங்க," என்றார் நானா. "மூணு காட்டணும், மொதல்ல காட்டுறது விக்கிற சாமான் இல்ல. எனக்குத் தெரியாதா?"

"வேற இல்ல வாப்பா. இது ஒண்டுதான்."

"ஒண்டக் காட்டி யாவாரம் செய்றதா? எங்கட கடையில?"

"இது ஒங்கட கட இல்ல. இப்ப நீங்க வந்தீக்கிறது என்ட கடைக்கு."

தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து ஓய்ந்தது. நானா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். முகத்தைச் சுளித்தார்.

"பச்ச கூடிப்போச்சு."

றிப்தா மூச்சு விட்டாள்.

"கூடல்ல. மழையிலயும் தெரியணும்."

"கொசுவம் நெருக்கம்."

"நீங்க விக்கிற சாரிட கொசுவம்தான்."

"அந்த நம்பரு. கட நம்பரப் போட ஏலாதா?"

"ஏலாது."

"பேர எடுத்திட்டு நம்பர மட்டும்?"

"ரெண்டும் ஈக்கும் வாப்பா. அதுலதான் வெலயே."

நானா மேலும் நூல் இழுத்துப் பார்த்தார். எழுத்தின் வாலைப் பற்றி ஒன்று சொன்னார். ஓரத்தைப் பற்றி ஒன்று சொன்னார். அவள் ஒன்றுக்கும் இறங்கவில்லை. கடைசியில் அவர் வெளியே சொட்டைச் சுவர்ப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பாமலே கேட்டார்:

"சாஹுல், ஒங்கட ஹாட்வெயார்ல ஓட்ட போடுற மெஷின் ஈக்கிதா?"

"ஈக்கிது. வாடகைக்கா, சும்மாவா?"

"பாப்பம்," என்றார் நானா. பிறகு மகளைப் பார்த்து, "பச்ச கூடிப்போச்சுதான்," என்றார்.